மிதித்தால் பஞ்சு மாதிரி...

"பிரேக்கை மிதித்தால் இட்லியை மிதிக்கிற மாதிரி மெத்தென்று உள்ளே போகிறது. வண்டி நிற்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நிற்பதற்குள் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், 'உனக்கு எப்பவும் பயம்தான்' என்கிறார். இது பயமா, பழுதா?" என்று தக்கலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

பழுதுதான் சகோதரி. சந்தேகமே வேண்டாம். நல்ல பிரேக் என்பது காலுக்குக் கீழே கல்லு மாதிரி நிற்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போகும்; அதற்குப் பிறகு "இதோ பிடித்துவிட்டேன்" என்று சொல்வது போல் கெட்டியாகும். அந்தக் கெட்டி வராமல் குழைந்து கொண்டே போனால், உங்கள் கால் சொல்வதை நம்புங்கள். தினமும் மாவு பிசைகிற கைக்குத் தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் தெரியும் இல்லையா? தினமும் ஓட்டுகிற காலும் அப்படித்தான்.

வீட்டையும் உடம்பையும் பற்றிப் பேசுகிற பத்திரிகையில் கார் பிரேக்குக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். நம் நாஞ்சில் நாட்டுப் பக்கம் எத்தனை வீடுகளில் ஆண்பிள்ளைகள் மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கிறார்கள்! பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாமியாருக்குக் கண் பரிசோதனை, வடசேரிச் சந்தை என்று வண்டியை எடுப்பது யார்? நாம்தான். பின் ஸீட்டில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறவளுக்கு, இஞ்ஜினைப் பற்றித் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பிரேக்கைப் பற்றி அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்க வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு வீட்டில் இரண்டு இருக்குமா? மீன் தொட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் போதும். குழாயிலும் சிரிஞ்சிலும் தண்ணீர் நிரப்பி இரண்டையும் இணைத்துவிடுங்கள். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் உடனே நகரும். காரில் நடப்பது இவ்வளவே. உங்கள் காலடியில் இருப்பது ஒரு சிரிஞ்சு, அதற்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிரிஞ்சு. நடுவில் குழாய்களில் தண்ணீருக்குப் பதிலாக பிரேக் ஆயில். நீங்கள் மிதிக்கிற அழுத்தம் அந்த ஆயில் வழியாகப் போய், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கையோ டிரம்மையோ இறுக்கிப் பிடிக்கிறது.

இப்போது குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு அமுக்கிப் பாருங்கள். அந்தப் பக்கச் சிரிஞ்சு உடனே நகராது. உங்கள் விரலுக்கடியில் ஸ்பிரிங் மாதிரி துள்ளும். திரவத்தை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். உங்கள் மிதியெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, மிச்சம் மீதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. பஞ்சு மாதிரி இருக்கிறது என்கிறோமே, அந்தப் பஞ்சு இந்தக் காற்றுதான். பெரும்பாலும்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி பரவும் என்று சொன்னவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர். அதைக் கார் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1921-ல் வந்த டியூசன்பர்க் கார்தான் நான்கு சக்கரத்துக்கும் இந்த மாதிரி பிரேக் வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார். அந்தக் காலத்தில் பிரேக் ஆயிலாக எதை ஊற்றினார்கள் தெரியுமா? விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை! (இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு வைத்திருக்கும் விளக்கெண்ணெயை வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். இப்போதைய வண்டியின் ரப்பர் வாஷர்கள் வேறு ஜாதி, எண்ணெய் பட்டால் ஊதிப் போகும்.)

நம் நாட்டில் இந்தத் தொழிலில் பெயர் பெற்றது 1962-ல் சென்னை பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தார் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு கூட்டாகத் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா. டி.வி. சுந்தரம் அய்யங்கார் நமக்கு அந்நியர் அல்ல, மலைக்கு அந்தப் பக்கம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையார் அவருடைய மகள்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நமுத்துப்போன பிரேக் ஆயில்

காற்று எப்படி உள்ளே போகும்? ஆயில் குறைந்து போனால் போகும். எங்காவது கசிந்தால் போகும். ஒர்க் ஷாப்பில் பிரேக் வேலை செய்துவிட்டுக் காற்றைச் சரியாக எடுக்காமல் விட்டாலும் அப்படியே தங்கிவிடும். இதெல்லாம் மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனத் திரவம். அதற்கு ஒரு கெட்ட குணம்: காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக் காலத்தில் மூடி சரியில்லாத டப்பாவில் முறுக்கு என்ன ஆகிறது, உப்பு ஜாடி என்ன ஆகிறது? அதே கதை. நமக்கோ வருஷத்துக்கு இரண்டு மழை. ஆனியிலும் ஆடியிலும் சாரல், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை. மீதி நாளில் கடல் காற்று. திருநெல்வேலிப் பக்கத்து வண்டியைவிட நம் வண்டியின் ஆயில் சீக்கிரம் நமுத்துப்போவதில் அதிசயமில்லை.

நமுத்தால் என்ன? சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கெட்டிப் பாகு அதைவிட அதிகச் சூட்டில் கொதிக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதிநிலை இறங்கிவிடும். பிரேக் ஆயிலும் இப்படியே. டின் மேலே 'டாட் 3', 'டாட் 4' என்று போட்டிருப்பார்களே, அது இந்தக் கொதிநிலையைக் குறிக்கும் தரம். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரைக்கும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் இந்தக் கணக்கு 140, 155 என்று இறங்கிவிடும். நூறு பங்கில் நாலு பங்குகூட இல்லை, அதற்கே இவ்வளவு வித்தியாசம்!

நாகர்கோவில் டவுனுக்குள் ஓட்டும்போது இதொன்றும் தெரியாது. பொன்முடிக்குப் போய்வரும் அன்று தெரியும். 22 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இஞ்ஜின் உழைக்கிறது, இறங்கும்போது பிரேக் உழைக்கிறது. மூன்றாவது, நாலாவது கியரில் போட்டுக்கொண்டு காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் டிஸ்க் தோசைக்கல்லைவிட அதிகமாகக் காயும். அந்தச் சூடு ஆயிலுக்கு இறங்கி, அதிலுள்ள ஈரம் ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரிதான், நசுங்கும். பத்து வளைவு வரை கல்லு மாதிரி இருந்த பிரேக் பதினோராவது வளைவில் பஞ்சாகிவிடும். அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி கெட்டியாகும். "இப்போ சரியாயிட்டு" என்று சந்தோஷமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. சரியாகவில்லை அம்மா, ஆவி குளிர்ந்து திரும்பத் தண்ணீராகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த இறக்கத்தில் மறுபடி வரும்.

வால்பாறைச் சாலைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலைக்கு 36. கல்லட்டியில் இறங்கும்போது பிரேக் போய் நடந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இறங்கச் சொல்லி மலைச்சாலைகளில் போர்டு வைத்திருப்பது ஒப்புக்கு அல்ல. சின்ன கியரில் இஞ்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். விடுமுறைக்கு மலைக்குப் போக ஏற்பாடு செய்கிற வீட்டில் புளியோதரை கட்டுவதற்கு முன்னால் பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான கார்களின் கையேட்டில் 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கும். அந்தப் புஸ்தகத்தை டாஷ்போர்டு டிராயரில் இருந்து வெளியே எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

முற்றத்தில் நின்றபடியே பார்த்துவிடலாம்

வண்டியை நகர்த்தாமலே நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். ஐந்து நிமிஷம் போதும்.

இஞ்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். மெல்ல மெல்லக் கெட்டியாகும். பிறகு ஒரே சீராக அழுத்தி, மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். கால் நின்ற இடத்தில் நின்றால் நல்லது. எண்ண எண்ண மெதுவாகக் கீழே இறங்கிப் போகிறதா? எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. இந்த இரண்டாவது மகா கள்ளத்தனமானது. வெளியே ஒரு சொட்டும் காட்டாது, ஆயில் அளவும் குறையாது.

காலை எடுக்காமலே இஞ்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது பெடல் சற்றே கீழே இறங்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படி இறங்காமல் மரக்கட்டை மாதிரி நின்றால் பூஸ்டரில் கோளாறு. அது பஞ்சு வியாதி அல்ல, அதற்கு நேர் எதிர்.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் முதல் மிதிக்கு ஆழமாகப் போய், உடனே இரண்டாவது, மூன்றாவது மிதிக்கு மேலே வந்து பிடிக்கிறதா என்று கவனியுங்கள். துள்ளித் துள்ளி ஸ்பிரிங் மாதிரி வந்தால் காற்று. துள்ளலே இல்லாமல், ஆனால் இரண்டாவது மிதிக்குத்தான் உயரத்தில் கெட்டியாகப் பிடிக்கிறது என்றால் பின் சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அட்ஜஸ்ட் செய்தாலே போதும். அம்பாசடர் ஓடிய காலத்தில் எல்லா வீட்டுக்கும் பழக்கமான வேலை அது. 2014-ல் அந்தக் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று, அதோடு அந்த ஞானமும் போயிற்று.

பிறகு பானட்டைத் திறங்கள். டிரைவர் பக்கமாக, பின்சுவரை ஒட்டி, பால் நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். புது ஆயில் இளந்தேன் நிறம். கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் என்றோ கடந்துவிட்டது. நிறம் நன்றாக இருப்பதாலேயே ஈரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதைப் பார்க்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது, நல்ல ஒர்க் ஷாப்பில் வைத்திருப்பார்கள். மூடியைச் சும்மா சும்மா திறந்து பார்க்காதீர்கள்; திறக்கும் போதெல்லாம் ஈரக் காற்று குடிக்கும்.

கடைசியாக நாலு டயருக்கும் உட்பக்கம் ஒரு பார்வை. வழவழவென்று ஈரம் தெரிந்தால் கசிவு. ஏஸி ஓடும்போது வண்டிக்கடியில் சொட்டுவது வெறும் தண்ணீர், அதை வைத்துக் கலங்க வேண்டாம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டிக்கடியில் ஓடுகிற பிரேக் குழாய்கள் இரும்பு. உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். ஸர்வீஸுக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது, "பிரேக் பைப்பில் துரு இருக்கா, ஹோஸ் வெடிச்சிருக்கா, பாத்துச் சொல்லுங்க அண்ணே" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்பினாலும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும்.

தண்ணீரில் ஓட்டியபின் பிரேக் பிடிக்காமல் போவது இதில் சேராது. 2021 நவம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டச் சாலைகள் குளமாகக் கிடந்தபோது பலருக்கு அந்த அனுபவம் வாய்த்திருக்கும். அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக மிதித்து மிதித்து விட்டால் காய்ந்துவிடும்.

"அது என்ன கற்பூரமா?"

எங்கள் தெருவில் ஒரு பெண். கணவர் வளைகுடாவில். இரண்டு பிள்ளைகளையும் சுசீந்திரம் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் கொண்டுபோய் விடுவாள். ஒரு நாள், "எக்கா, பிரேக்கு சவுட்டுனா ஒரு மாதிரி கொழகொழண்ணு போகு. அவ்வோகிட்ட போன்ல சொன்னா, பழைய வண்டியில்லா, அப்படித்தான் இருக்கும்ங்காவ" என்றாள். ஒர்க் ஷாப்பில் காட்டியிருக்கிறாள். பானட்டைத் திறந்து, "ஆயிலு கொறஞ்சு போச்சு, ஊத்தியாச்சு, இனி கொள்ளாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது.

கெட்டிக்காரப் பெண். அன்றைக்கே டப்பியின் வெளிப்புறத்தில், ஆயில் நிற்கிற மட்டத்தில், நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பத்தாம் நாள் திறந்து பார்த்தால் ஆயில் பொட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. அதற்கு மேல் அந்த ஒர்க் ஷாப்புக்குப் போகாமல், வீட்டுக்கே ஒரு வயசான மெக்கானிக்கை வரச்சொன்னாள். அவரை அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஊத்துன ஆயிலு எங்க போச்சுண்ணு யாரும் கேக்கலியா மக்களே? அது என்ன கற்பூரமா, ஆவியாப் போக?" என்று கேட்டுக்கொண்டே பின் இடது சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைத் திறந்ததும் உள்ளே ஒரே சொதசொதப்பு. வீல் சிலிண்டர் ரப்பர் போய், ஆயில் கசிந்து, பிரேக் ஷூவெல்லாம் ஊறிக் கிடந்தது. அந்தச் சக்கரம் ஏறக்குறைய பிரேக்கே இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பிள்ளைகளோடு. வீல் சிலிண்டர் புதிது, பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஷூ புதிது (ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்), பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிக் காற்று எடுத்தது என்று ஒரு பகலில் வேலை முடிந்தது.

ஆயில் இரண்டு காரணத்தால்தான் குறையும். ஒன்று, முன் சக்கரத்து பிரேக் பேட் தேயத் தேய மட்டம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும், இது இயற்கை. பேடைப் பார்க்க வேண்டும் என்று அறிகுறி. மற்றது கசிவு. நாள் கணக்கில் குறைந்தால் கசிவேதான். எதுவானாலும் மேலே ஊற்றுவது சிகிச்சை அல்ல. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுக்கிற கதை.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். டப்பியின் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே வாங்க வேண்டும். டாட் 5 என்று ஸிலிக்கான் ஆயில் ஒன்று இருக்கிறது. பெரிய எண்ணாக இருக்கிறதே என்று அதை வாங்கி மற்றதோடு கலக்கக் கூடாது. கடையில் பாதி காலியான டின்னிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணெதிரே ஸீல் உடைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். 2010 அக்டோபரில் டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சத்து 40 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. சரியான சேர்க்கை இல்லாத வேறு ஆயிலை ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் காய்ந்து சுருண்டு, ஆயில் கசிந்து, பெடல் பஞ்சாகிவிடக்கூடும் என்று கண்டதுதான் காரணம்.

காற்று எடுப்பதற்கு நாலு கை வேண்டும்

இந்த வேலையில் நமக்கு ஒரு பங்கு உண்டு. மெக்கானிக் சக்கரத்துக்கடியில், நாம் டிரைவர் ஸீட்டில். அவர் சக்கரத்தின் பின்னாலுள்ள சிறு நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவைப்பார். "சவுட்டுங்க" என்றால் மெதுவாக மிதிக்க வேண்டும். "பிடிங்க" என்றால் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார். குழாயில் குமிழி குமிழியாகக் காற்றும் கறுத்த ஆயிலும் வரும். உங்கள் கால் தானாகக் கீழே இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு "விடுங்க" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ரகசியம் முழுக்க இங்கேதான். அவர் மூடுவதற்கு முன் எடுத்துவிட்டால், வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே வந்துவிடும். ஸெல்போனில் பேசிக்கொண்டு செய்கிற வேலை அல்ல.

பழைய வண்டியில் பெடலைத் தரையோடு தரையாக அமுக்காமல் இருப்பது நல்லது. பல வருஷமாகத் தொடாத இடத்தில் ரப்பர் போய் உரசினால் கிழியும். அடியில் ஒரு சிறு மரத்துண்டு வைத்துக்கொள்ளலாம். இடையிடையே மேலே டப்பியில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வற்றினால் முதலிலிருந்து ஆரம்பம். சாதாரணமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்துச் சக்கரத்துக்கு வருவார்கள். எல்லா வண்டிக்கும் அந்த வரிசை பொருந்தாது, கையேட்டைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்தப் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சிலவற்றுக்குக் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும். அதற்கு வசதியுள்ள இடத்துக்கே போங்கள். (அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலை உதைத்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்கிற லட்சணம். காலை எடுத்துவிடாமல் அழுத்தியே பிடியுங்கள்.)

வேலை முடிந்ததும் மெக்கானிக் ஒருவரே ஓட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" என்று சொல்வதோடு விடாதீர்கள். நீங்களும் ஏறி, ஆளில்லாத தெருவில் மெதுவாகப் போய் நாலு தடவை மிதித்துப் பாருங்கள். பஞ்சு இன்னும் இருந்தால் அங்கேயே திரும்பக் கொடுங்கள். "பெண்பிள்ளைக்கு என்ன தெரியும்" என்ற முகம் ஒன்று காட்டுவார்கள். காட்டட்டும்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலும், மிதி தரை தட்டினாலும், வண்டியை எடுக்கவே கூடாது. பள்ளிக்கு ஆட்டோ பிடியுங்கள். ஓடும்போதே பிரேக் குழைந்துவிட்டால், பெடலை வேகவேகமாகப் பல தடவை மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் சேரும். இப்போதைய கார்களில் குழாய்கள் இரண்டு தனித்தனிப் பிரிவு, ஒன்று போனாலும் மற்றது ஆழத்தில் பிடிக்கும், ஆகவே பலத்தைக் கூட்டி மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சங்கொஞ்சமாக, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மேலே இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுற்றிவிடும். சாவியைத் திருப்பி இஞ்ஜினை அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் கனத்துப் போகும், பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டு வார்த்தை. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்து வாயால் ஊதித் தூசி கிளப்புவது இன்றும் நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். வீட்டு முற்றத்தில் வேலை நடந்தால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள்.

மிச்சமான பிரேக் ஆயிலைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிச் சமையலறைப் பரணில் வைக்கிற வழக்கம் ஆபத்தானது. நிறம் தேன் மாதிரி, குழந்தை எடுத்துக் குடித்துவிடும். திறந்த டின் அடுத்த தடவைக்கு உதவவும் உதவாது. மெக்கானிக்கிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள், சாக்கடையில் கொட்ட வேண்டாம். வண்டி பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையேல் பெயிண்டைத் தின்றுவிடும். கண்ணில் தெறித்தால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டது என்று தெரிந்தால், உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, அந்த டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீரகத்தைப் பாதிப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.